சாப்பிட்டதும் மூச்சு வாங்குகிறது: மார்புக்குள் ஏறிய இரைப்பை

கேள்வி: என் அம்மாவுக்கு 71 வயது. நான்கு ஆண்டுகளாக இரத்தச் சோகை. ஹீமோகுளோபின் 6-க்கும் 8-க்கும் இடையே ஊசலாடுகிறது. மூன்று முறை இரத்தம் ஏற்றியாயிற்று. இரண்டு முறை எண்டோஸ்கோப்பி, ஒரு முறை கொலனோஸ்கோப்பி செய்தும் இரத்தம் எங்கே போகிறது என்று தெரியவில்லை. ஓர் ஆண்டாகச் சாப்பிட்டவுடன் மூச்சு வாங்குகிறது. மதிய உணவுக்குப் பின் இரண்டு முறை மயங்கி விழுந்தார். ஆஞ்சியோகிராமில் அடைப்பு இல்லை. எக்கோவில் இதயத்துக்குப் பின்னால் கட்டி போல ஏதோ அழுத்துவதாகச் சொன்னார்கள். சி.டி. ஸ்கேனில் அது கட்டி இல்லை, இரைப்பையின் முக்கால் பங்கும் பெருங்குடலின் ஒரு பகுதியும் மார்புக்குள் ஏறியிருக்கின்றன என்று தெரிந்தது. காலும் வீங்குகிறது. அறுவை சிகிச்சை தேவை என்கிறார் ஒரு மருத்துவர். இந்த வயதில் எதற்கு என்கிறார் இன்னொருவர். இரைப்பை எப்படி இதயத்தை அழுத்தும்? சோகைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? இரத்தக்குழாய் வெடித்துவிடும் என்று உறவினர் ஒருவர் சொன்னதிலிருந்து வீட்டில் யாருக்கும் தூக்கமில்லை. தை மாதம் பேத்தியின் திருமணம். அதுவரை தள்ளிப்போடலாமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி)

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சோகைக்கு ஒரு மருத்துவர், மூச்சுத் திணறலுக்கு ஒருவர், மயக்கத்துக்கு ஒருவர், கால் வீக்கத்துக்கு ஒருவர் என்று நான்கு வாசல் ஏறி இறங்கியிருக்கிறீர்கள். ஒவ்வொருவரும் தம் பங்கைச் சரியாகவே பார்த்திருக்கிறார்கள். ஆனால் உங்கள் கடிதத்தில் ‘சாப்பிட்டவுடன்’ என்று ஒரு சொல் இருக்கிறது. ‘மதிய உணவுக்குப் பின்’ என்று இன்னொரு முறையும் வருகிறது. இதய நோயால் மூச்சு வாங்குபவர் பெரும்பாலும் மாடிப்படியைப் பற்றிப் பேசுவார். உங்கள் அம்மா சாப்பாட்டுத் தட்டைப் பற்றிப் பேசுகிறார். முடிச்சு அங்கேதான் இருக்கிறது.

மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் தசைத் திரைக்கு உதரவிதானம் என்று பெயர். அதில் மூன்று பெரிய வாசல்கள் உண்டு. கால்களிலிருந்தும் வயிற்றிலிருந்தும் இரத்தத்தை மேலே கொண்டுவரும் கீழ்ப் பெருஞ்சிரைக்கு ஒன்று, உணவுக்குழாய்க்கு ஒன்று, இதயத்திலிருந்து இறங்கும் பெருந்தமனிக்கு ஒன்று. உணவுக்குழாயின் வாசல் வயதாக ஆகத் தளர்கிறது. உடல் பருமன், நாள்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, வயதான பெண்களுக்கு எலும்பு தேய்ந்து விழும் கூன் எல்லாம் அந்தத் தளர்ச்சிக்குத் துணை போகின்றன. மூச்சை இழுக்கும்போது மார்புக்குள் அழுத்தம் குறைகிறது, வயிற்றுக்குள் கூடுகிறது. வாசல் அகலமாக இருந்தால் இரைப்பை மெல்ல மெல்ல மேலே உறிஞ்சப்படும். இதுதான் ஹையாட்டஸ் ஹெர்னியா. ஹெர்னியாவைத் தமிழில் ‘குடலிறக்கம்’ என்று எழுதுவது வழக்கம். இங்கே எதுவும் இறங்கவில்லை, ஏறியிருக்கிறது. அந்தப் பெயரைக் கேட்டு அடிவயிற்றைத் தடவிப் பார்க்கும் நோயாளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

இதில் நான்கு வகை உண்டு. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு இருப்பது முதல் வகை: இரைப்பையின் மேல் நுனி மட்டும் சற்றே வழுக்கி ஏறி இறங்கும். நெஞ்செரிச்சல் தரும், மாத்திரையில் அடங்கும். எண்டோஸ்கோப்பி அறிக்கையில் ‘சிறிய ஹையாட்டஸ் ஹெர்னியா’ என்று பார்த்துவிட்டு இந்தப் பதிலைப் படித்துக்கொண்டிருப்பவர்கள் பயப்பட வேண்டாம். நான் எழுதப்போவது உங்களைப் பற்றி அல்ல. நான்காம் வகையில் இரைப்பையோடு பெருங்குடல், மண்ணீரல், கணையம் என்று மற்ற உறுப்புகளும் சேர்ந்து ஏறிவிடும். உங்கள் அம்மாவுடையது அந்த வகை. விந்தை என்னவென்றால், இவ்வளவு பெரிதான பிறகு பலருக்கு நெஞ்செரிச்சலே இருப்பதில்லை. அதனால்தான் யாரும் வயிற்றைச் சந்தேகிப்பதில்லை.

இனி இதயத்துக்கு வருகிறேன். உணவுக்குழாய்க்கு நேர் முன்னால், ஒட்டினாற்போல் இருப்பது இதயத்தின் இடது மேலறை. எவ்வளவு நெருக்கம் என்றால், அந்த அறையைத் துல்லியமாகப் பார்க்க வேண்டுமென்றால் இதய மருத்துவர்கள் எக்கோ கருவியை உணவுக்குழாய் வழியாகவே இறக்கிப் பார்க்கிறார்கள். அந்த இடத்தில் ஒரு முக்கால் இரைப்பை வந்து உட்கார்ந்தால் என்ன ஆகும்? காலியாக இருக்கும்வரை பெரிதாக ஒன்றும் ஆகாது. சாதமும் சாம்பாரும் மோரும் உள்ளே போய், கூடவே விழுங்கிய காற்றும் சேர்ந்து அது உப்பும்போது, முன்னால் இருக்கும் இடது மேலறையைப் பின்னாலிருந்து நசுக்குகிறது. அந்த அறை தடித்த தசையால் ஆனது இல்லை. மெல்லிய சுவர், குறைந்த அழுத்தம். எளிதில் அமுங்கிவிடும். நுரையீரலிலிருந்து சுத்தமான இரத்தத்தைக் கொண்டுவரும் நான்கு சிரைகளும் அந்த அறையில்தான் வந்து சேர்கின்றன. வாசலில் நெரிசல் என்றால் தெருவில் வண்டிகள் தேங்குவதுபோல நுரையீரலில் இரத்தம் தேங்குகிறது, மூச்சு வாங்குகிறது. இடது கீழறைக்குப் போதிய இரத்தம் வராதபோது மூளைக்குப் போவதும் குறைகிறது, மயக்கம் வருகிறது. மதிய உணவுதானே நம் வீடுகளில் பெரிய உணவு. இரண்டு முறையும் அதற்குப் பிறகு அவர் விழுந்தது தற்செயல் என்று நான் நினைக்கவில்லை.

எக்கோவில் இது கட்டிபோலத் தெரிவது புதிதல்ல. இதயத்தில் கட்டி என்று அஞ்சி அனுப்பப்பட்டு, கடைசியில் அது இரைப்பையாக இருந்த நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் திரும்பத் திரும்ப வந்திருக்கின்றன. இதற்கு ஓர் எளிய உபாயமும் உண்டு. எக்கோ பார்த்துக்கொண்டிருக்கும்போதே நோயாளியை இரண்டு வாய் சோடா குடிக்கச் சொல்வார்கள். ‘கட்டி’க்குள் குமிழிகள் பறந்தால் அது எதுவென்று தெரிந்துவிடும். பல ஆயிரம் ரூபாய் ஸ்கேனுக்கு முன்னால் ஒரு சோடா பாட்டில். எனக்கு மிகவும் பிடித்த பரிசோதனைகளில் இதுவும் ஒன்று.

இரைப்பை நுரையீரலை அடைத்துக்கொள்வதால்தான் மூச்சு வாங்குகிறது என்று என் போன்றவர்கள் நீண்ட காலம் சொல்லிவந்தோம். 2011-ல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பெரிய ஹையாட்டஸ் ஹெர்னியா உள்ளவர்களை அறுவைக்கு முன்னும் பின்னும் உடற்பயிற்சி செய்ய வைத்துப் பார்த்தார்கள். அறுவைக்குப் பின் அவர்களின் உழைக்கும் திறன் தெளிவாகக் கூடியது. நுரையீரல் அளவுகளில் வந்த மாற்றம் அதை விளக்கப் போதவில்லை. நசுங்கியிருந்த இடது மேலறை விரிந்ததே பெரிய காரணமாக இருந்தது. ஆகவே உங்கள் அம்மாவின் இதயத்தில் நோய் இல்லை என்று ஆஞ்சியோகிராம் சொன்னதும் உண்மை, அவருக்கு இதயத்தால்தான் மூச்சு வாங்குகிறது என்பதும் உண்மை.

ஒன்றைக் கூடுதலாகக் கவனிக்கச் சொல்வேன். நசுங்கி எரிச்சலடையும் இடது மேலறை தாளம் தவறித் துடிக்கத் தொடங்கலாம்; ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்பார்கள். படபடப்பு இருந்தால், கைநாடி ஒழுங்கில்லாமல் துள்ளினால் ஈ.சி.ஜி. எடுத்துப் பாருங்கள். அந்தத் தாளக்கேடு வந்துவிட்டால் பக்கவாதத்தைத் தடுக்க இரத்தம் உறையாமலிருக்கும் மருந்து கொடுக்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே இரத்தம் கசிந்துகொண்டிருப்பவருக்கு அந்த மருந்தைக் கொடுப்பது எவ்வளவு இக்கட்டு என்பது அடுத்துச் சொல்லப்போவதைப் படித்தால் புரியும்.

உங்கள் அம்மாவின் இரத்தம் எங்கே போகிறது? இரைப்பை மார்புக்கும் வயிற்றுக்குமாக நீண்டு கிடக்கிறது. நடுவில் உதரவிதானத்தின் வாசல் அதை இடுப்புக் கயிறுபோல இறுக்கிப் பிடித்திருக்கிறது. மனிதர் நிமிடத்துக்கு 15 முறை மூச்சு விடுகிறார் என்று வைத்துக்கொண்டால் ஒரு நாளைக்கு 21,600 முறை. ஒவ்வொரு மூச்சுக்கும் உதரவிதானம் ஏறி இறங்க, அந்த இறுக்கத்தில் சிக்கிய இரைப்பையின் உட்சவ்வு மடிப்பு மடிப்பாக உரசுகிறது. உரசும் இடத்தில் இரத்த ஓட்டமும் நெரிபடுகிறது. மேலே அமிலம் வேறு. விளைவு, மடிப்புகளின் முகட்டில் நீளவாக்கில் கீறினாற்போன்ற புண்கள். அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த கேமரன் என்ற மருத்துவர், சக மருத்துவர் ஹிக்கின்ஸுடன் சேர்ந்து 1986-ல் இதை விளக்கி எழுதினார். அன்றிலிருந்து அவை கேமரன் புண்கள். பெரும்பாலும் அவற்றிலிருந்து இரத்தம் பீறிடாது. சொட்டுச் சொட்டாக, கண்ணுக்குத் தெரியாமல், மாதக்கணக்கில் கசியும். மலத்தின் நிறம்கூட மாறாமல் இருக்கலாம். உடலின் இரும்புச் சேமிப்பு தீரும்வரை எந்த அறிகுறியும் இராது.

இரண்டு எண்டோஸ்கோப்பியில் ஏன் தெரியவில்லை என்று நீங்கள் கோபப்படலாம். புண்கள் ஆறுவதும் மறுபடி தோன்றுவதுமாக இருக்கும். பார்த்த அன்று ஆறியிருக்கலாம். மேலிருந்து இறங்கும் குழாய் நெரிபட்ட இடத்தை வழுக்கிக்கொண்டு கடந்துவிடும். கீழே போய்க் குழாயின் நுனியை மேல்நோக்கி வளைத்துத் திரும்பிப் பார்த்தால்தான் அந்த மடிப்புகள் தெரியும். நானே ஒருமுறை தவறவிட்டிருக்கிறேன். ஓய்வுபெற்ற தபால் ஊழியர் ஒருவர். ‘புண் எதுவும் இல்லை, ஹையாட்டஸ் ஹெர்னியா மட்டும்’ என்று எழுதிக் கொடுத்து அனுப்பினேன். ஏழு மாதம் கழித்து ஹீமோகுளோபின் 5-உடன் வந்தார். இம்முறை நுனியை வளைத்துப் பொறுமையாகத் தேடினேன், மூன்று கீறல்கள். முதல் அறிக்கையில் நான் எழுதிய அந்த ‘மட்டும்’ என்ற சொல்லை இன்றும் மறக்க முடியவில்லை. உங்கள் அம்மாவின் பழைய அறிக்கைகளை எடுத்துப் பாருங்கள். இரண்டிலும் ஹெர்னியாவைப் பற்றி ஒரு வரி இருக்கும் என்று எதிர்பார்க்கிறேன்.

அம்மாவின் மாத்திரை டப்பாவைத் திறந்து பார்த்தீர்களா? ஆஞ்சியோகிராம் செய்தவர்களுக்கு, இரத்தம் உறைவதைத் தடுத்துக் கசிவைக் கூட்டும் ஆஸ்பிரினோ குளோபிடோகிரெலோ தொடங்கிவிட்டு, அடைப்பு இல்லை என்று தெரிந்த பிறகும் அது தொடர்ந்துகொண்டே இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன். இருந்தால் நீங்களாக நிறுத்த வேண்டாம். இது இன்னும் தேவையா என்று இதய மருத்துவரிடம் இந்த வாரமே கேளுங்கள். மூட்டுவலிக்கு மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும், இரைப்பையைப் புண்ணாக்கும் வலி மாத்திரைகளை மட்டும் இன்றே நிறுத்திவிடலாம். அமிலத்தைக் குறைக்கும் பான்டோப்ரசோல் போன்ற மருந்து புண் ஆற உதவும். ஆனால் அதுவே, வாய்வழியாகக் கொடுக்கும் இரும்புச் சத்து உடலில் சேர்வதைக் குறைக்கும். அந்த இரும்பு மாத்திரையைக் காப்பியோடு விழுங்கினால் சேர்வது இன்னும் குறையும். ஆகவே இவருக்குச் சிரை வழியாக இரும்பு ஏற்றுவதே சரியாக இருக்கும். இரத்தம் ஏற்றுவது ஹீமோகுளோபின் 7-க்குக் கீழே போகும்போதோ மூச்சும் மயக்கமும் மிஞ்சும்போதோ கைகொடுக்கும் உபாயம். ஆண்டுதோறும் செய்துகொண்டிருக்க வேண்டிய சடங்கில்லை. மருந்தோடு மட்டும் விட்டால் புண் ஆறும், திரும்ப வரும். நெரிக்கும் வாசலைச் சரிசெய்த பிறகு பெரும்பாலோருக்குச் சோகையும் போய்விடுகிறது.

உறவினர் சொன்ன ‘வெடிப்பு’க்கு வருவோம். முழுப் பொய் என்று சொல்ல மாட்டேன். மார்புக்குள் இருக்கும் இரைப்பையில் ஆழமான புண் உண்டாகி, அது சுவரைத் துளைத்து, பக்கத்தில் இருக்கும் பெருந்தமனிக்குள்ளோ இதய உறைக்குள்ளோ இதயத்துக்குள்ளேயோ வழி செய்துகொண்ட நிகழ்வுகள் உலக மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. அவை இதழில் இடம்பெறுவதே அத்தனை அரிது என்பதால்தான். என் பணிக்காலத்தில் ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் அஞ்சுவது வேறொன்று. வயிற்றில் இரைப்பையை இடம் மாறாமல் பிடித்துவைத்திருக்கும் தசைநார்கள், அது மார்புக்கு ஏறிய பிறகு இழுபட்டுத் தொய்ந்துவிடுகின்றன. ஒருநாள் அது முறுக்கிக்கொள்ளலாம், ஈரத் துணியைப் பிழிவதுபோல. இரைப்பைக்கு நல்ல காலம்: அதற்கு இரத்தம் கொண்டுவரும் தமனிகள் பல. சிறிய வளைவோரம் இரண்டு, பெரிய வளைவோரம் இரண்டு, மண்ணீரல் பக்கமிருந்து குறுந்தமனிகள் சில. ஒன்று அடைபட்டால் மற்றவை ஈடுகொடுக்கும். இரைப்பை அழுகுவது அரிதாக இருப்பது அதனால்தான். ஆனால் முறுக்கு அரைவட்டத்தைத் தாண்டினால் அந்த வளமும் பயன்படாது. முதலில் மெல்லிய சுவருள்ள சிரைகள் அடைபடும். வந்த இரத்தம் திரும்ப வழியில்லாமல் இரைப்பைச் சுவர் கருநீலமாக வீங்கும். அந்த வீக்கமே பிறகு தமனிகளையும் நெரிக்கும். அதன்பின் சுவர் இறந்து, ஓட்டை விழும். அது மார்புக்குள் நடந்தால் உயிர் பிழைப்பது கடினம். 1904-ல் போர்ஷார்ட் என்ற ஜெர்மானிய அறுவை மருத்துவர் இதற்குச் சொன்ன மூன்று அடையாளங்களை இன்றும் மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறோம்: மேல்வயிற்றில் கடும் வலி, ஓங்கரித்து ஓங்கரித்து வந்தும் வாந்தியாக எதுவும் வெளிவராதது, மூக்குவழிக் குழாய் இரைப்பைக்குள் இறங்க மறுப்பது. முதல் இரண்டை வீட்டிலேயே நீங்கள் கண்டுகொள்ளலாம்.

உங்கள் இரண்டு மருத்துவர்களின் கருத்து மோதலுக்குப் பின்னால் ஒரு பழைய கதை இருக்கிறது. 1967-ல் ஸ்கின்னர், பெல்ஸி என்ற இருவர், இத்தகைய ஹெர்னியாவோடு பெரிய தொந்தரவில்லாமல் அறுவையின்றி விடப்பட்ட 21 பேரில் 6 பேர் இதன் சிக்கல்களால் இறந்ததாக எழுதினார்கள். உடனே உலகமெங்கும் ‘கண்டவுடன் அறுக்க வேண்டும்’ என்பது விதியாகிவிட்டது. நாங்கள் படித்தபோது அதுதான் பாடம். 2002-ல் அமெரிக்க ஆய்வாளர்கள் கிடைத்த தரவுகளை எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டபோது, தொந்தரவு இல்லாதவர்களுக்கு அவசர அறுவை தேவைப்படும் வாய்ப்பு ஆண்டுக்கு 1.1 சதவீதமே என்று வந்தது. அதன்பிறகு காத்திருந்து பார்ப்பதே பலருக்கும் நல்லது என்ற எண்ணம் வலுத்தது. ‘இந்த வயதில் எதற்கு’ என்று கேட்ட மருத்துவர் இந்த இரண்டாம் கணக்கை வைத்தே சொல்லியிருப்பார். கணக்கு சரியானது. ஆனால் அது தொந்தரவு இல்லாதவர்களுக்கான கணக்கு. நான்கு ஆண்டு சோகையும் மூன்று முறை இரத்தம் ஏற்றியதும் இரண்டு மயக்கமும் உள்ள ஒருவர் அந்தக் கணக்கில் வரமாட்டார். கடிதத்தை மட்டும் படித்துச் சொல்கிறேன், அம்மாவை நான் பரிசோதிக்கவில்லை. இருந்தாலும் என் கருத்து, செய்துகொள்ள வேண்டும் என்பதே. அதுவும் திட்டமிட்டு, உடலைத் தேற்றிய பிறகு. இதே அறுவையை நள்ளிரவில், முறுக்கிக்கொண்ட இரைப்பையோடு, ஹீமோகுளோபின் 6-உடன் செய்வது வேறு கதை.

கால் வீக்கத்தை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்க எனக்குத் தயக்கம். மிகப் பெரிய ஹெர்னியா, அதுவும் வலப்பக்கம் சாய்ந்தது, கீழ்ப் பெருஞ்சிரையை அழுத்திக் கால்களில் நீர் கோக்கச் செய்யலாம். அம்மாவின் சி.டி. படத்தில் அந்தச் சிரை நசுங்கியிருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்டிடம் நேரடியாகக் கேளுங்கள். கேட்டால்தான் சில சமயம் பார்ப்பார்கள். ஆனால் கடும் சோகையே காலை வீங்கவைக்கும். இரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் சாப்பிடுகிறாரா? கணுக்கால் வீக்கத்துக்கு நம் ஊரில் அதைவிடச் சாதாரணமான காரணம் குறைவு. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தால் சிரையில் இரத்தம் உறைந்திருக்கிறதா என்று டாப்ளர் ஸ்கேனில் பார்த்துவிட வேண்டும். ஒரு பெரிய நோய் கையில் கிடைத்துவிட்டது என்பதற்காக எல்லாப் பழியையும் அதன் தலையில் போடக்கூடாது.

அறுவை பெரும்பாலும் லேப்ராஸ்கோப்பி முறையில், ஐந்தாறு சிறு துளைகள் வழியாகச் செய்யப்படும். ஏறிய உறுப்புகளைக் கீழே கொண்டுவந்து, அவை தங்கியிருந்த பையை மார்பிலிருந்து பிரித்தெடுத்து, வாசலைத் தையலிட்டுச் சிறிதாக்கி, இரைப்பையின் மேல் பகுதியை உணவுக்குழாயைச் சுற்றி மடித்துத் தைப்பார்கள். உடல் மிகவும் தளர்ந்தவர்களுக்கு இரைப்பையை வயிற்றுச் சுவரோடு தைத்து நிறுத்துவதோடு முடித்துக்கொள்வதும் உண்டு. 71 என்பது தடையில்லை. சோகையும் நுரையீரலும் எப்படி இருக்கின்றன என்பதே மயக்க மருத்துவர் பார்ப்பது. சிரைவழி இரும்பு கொடுத்தால் சில வாரங்களில் ஹீமோகுளோபின் ஏறிவிடும். அதுவரை காத்திருப்பது நல்லது.

அறுவை மருத்துவரைச் சந்திக்கும்போது இத்தனை பெரிய ஹெர்னியாக்களை அவர் எவ்வளவு அடிக்கடி செய்கிறார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். சாதாரண நெஞ்செரிச்சல் அறுவையும் இதுவும் ஒன்றில்லை. தைத்த வாசலை வலுப்படுத்த அதன்மேல் வலை வைப்பதாக இருந்தால் அதை எப்படிப் பொருத்துவார் என்றும் கேளுங்கள். இதை நான் வலியுறுத்தக் காரணம் உண்டு. உதரவிதானத்தின் மேல்தான் இதயம் உட்கார்ந்திருக்கிறது. இடையில் இருப்பது சில மில்லிமீட்டர் தசை. அதில் வலையை ஆணிபோன்ற உலோகக் கொக்கிகளால் அறைந்தபோது கொக்கி இதயத்தையே குத்தி, இதய உறைக்குள் இரத்தம் தேங்கி, உயிரிழப்பு வரை போன நிகழ்வுகள் பதிவாகியுள்ளன. அந்த இடத்தில் தையல் போட்டாலே போதும். அனுபவமுள்ளவர்கள் வாசலின் முன்பக்கத்தில் கொக்கியை எடுக்கவே மாட்டார்கள்.

திரும்ப வருமா என்று அடுத்துக் கேட்பீர்கள். ஐந்து ஆண்டுகள் கழித்துப் படமெடுத்துப் பார்த்தால் பாதிப் பேருக்கு மேல் சிறிதளவு மீண்டும் ஏறியிருப்பது தெரியும். கேட்கத் திடுக்கென்று இருக்கும். ஆனால் அவர்களில் மிகச் சிலருக்கே தொந்தரவு இருக்கும், இன்னொரு முறை அறுவைக்குப் போகிறவர்கள் அதிலும் குறைவு. எனக்கு வேண்டியது படம் அழகாக இருப்பது இல்லை. உங்கள் அம்மா சாப்பிட்டுவிட்டு மயங்காமல் இருப்பது.

அறுவை நாள் வரும்வரை மூன்று வேளைச் சாப்பாட்டை ஆறாகப் பிரித்துவிடுங்கள். ஒரு வேளைக்கு இரண்டு இட்லி, அல்லது ஒரு கரண்டி சாதம். இடையிடையே தண்ணீரைக் குடம்போல் குடிக்க வேண்டாம். சோடா, குளிர்பானம் வேண்டவே வேண்டாம். சாப்பிட்ட பின் இரண்டு மூன்று மணி நேரம் படுக்காமல் சாய்ந்து உட்காரட்டும். இரவு உணவை ஏழு மணிக்குள் முடித்து, கட்டிலின் தலைப்பக்கக் கால்களுக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்துங்கள். சாப்பிட்டவுடன் தனியாகக் குளியலறைக்கு அனுப்பாதீர்கள். இரண்டு முறை விழுந்தவர்.

சி.டி. அறிக்கையின் நகல் ஒன்று எப்போதும் அம்மாவின் கைப்பையில் இருக்கட்டும். திடீரென்று மேல்வயிற்றிலோ நெஞ்சிலோ கடும் வலி வந்தாலோ, வெறும் ஓங்கரிப்பாக இருந்தாலோ, எச்சில்கூட இறங்கவில்லை என்றாலோ, இரத்த வாந்தியோ தார்போன்ற கருப்பு மலமோ போனாலோ, நேரத்தைக் கடத்தாமல் அறுவை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போய் அந்த அறிக்கையை முதலில் நீட்டுங்கள். இரும்பு மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும். ஆனால் தார்போல ஒட்டிக்கொண்டு நாறாது. அறிக்கையை நீட்டச் சொல்வது ஏன் தெரியுமா? உப்பிய இரைப்பை இதயத்தை அழுத்தும்போது ஈ.சி.ஜி.யில் மாரடைப்பு போன்ற மாற்றங்கள் தெரியலாம். மாரடைப்பென்று நினைத்து இரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டால் கேமரன் புண் சும்மா இருக்காது. மார்பு எக்ஸ்ரேயில் இரைப்பைக்குள் தெரியும் காற்றையும் நீரையும் நுரையீரல் சீழ்க்கட்டி என்று எண்ணிக் குழாய் போட முற்பட்டவர்களும் உண்டு. அதே சமயம், ஹெர்னியா இருப்பவருக்கு உண்மையான மாரடைப்பு வரக்கூடாது என்று சட்டம் எதுவும் இல்லை. ஈ.சி.ஜி.யும் இரத்தப் பரிசோதனையும் கட்டாயம் எடுக்கட்டும். அவசரத்தில் முடிவெடுப்பவரின் கையில் உங்கள் அறிக்கையும் இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

கடைசியாகத் தை மாதத் திருமணம். தள்ளிப்போட வேண்டாம், முந்திக்கொள்ளுங்கள். இப்போதே இரும்பு ஏற்றத் தொடங்கினால் ஐப்பசிக்குள் அறுவைக்குத் தயாராகிவிடலாம். சிக்கல் இல்லையென்றால் மூன்று நான்கு நாளில் வீடு திரும்புவார். முதல் சில வாரங்கள் கஞ்சி, குழைந்த சாதம், மசித்த காய். ஆறு வாரங்களுக்கு எடை தூக்கக் கூடாது, அதாவது திருமணச் சீர்வரிசைப் பாத்திரங்களை நகர்த்த அம்மாவைக் கூப்பிடக் கூடாது. தையில் பந்தியில் உட்கார்ந்து தாராளமாகச் சாப்பிடலாம். மெதுவாக மென்று, இலையில் பாதி அளவு. பாயசம் உண்டு, கெட்டியான உருண்டைச் சாதமும் வறண்ட பூரியும் மட்டும் வேண்டாம். மடித்துத் தைத்த பிறகு சில மாதங்களுக்கு ஏப்பம் எளிதில் வராது. ஆகவே பந்தி முடிந்ததும் யாராவது அன்போடு சோடாவை நீட்டினால், அதை வாங்கி நீங்கள் குடித்துவிடுங்கள்.